ஒளிவினையூக்கியால் தண்ணீரில் உள்ள மருந்தை நீக்க முடியுமா? 98 சதவீதம் என்ற எண்ணைப் படிக்கும் விதம்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: "டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற ஒளிவினையூக்கிகளின் மேல் வெளிச்சம் பட்டால், தண்ணீரில் கரைந்திருக்கும் மருந்துகள் சிதைந்துவிடும் என்று படித்தேன். ஒரு ஆய்வுக் கட்டுரையில் ஒரு மணி நேரத்தில் 98% போய்விட்டதாகப் போட்டிருந்தது. இவ்வளவு எளிது என்றால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் ஏன் இதைக் காணோம்? முதுகலைப் பட்டத்துக்கான திட்டப்பணியாக இதை எடுக்கலாமா?"

எடுக்கலாம். இதன் வேதியியல் உண்மையானது, 98% என்பதும் பொய்யில்லை. ஆனால் வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. குடுவையில் சுத்தமான தண்ணீரை ஊற்றி, அதில் வேண்டுமென்றே நிறைய மருந்தைக் கரைத்து, பக்கத்திலேயே விளக்கை வைத்து எடுத்த எண் அது. நிஜத் தண்ணீரில் மருந்து மிக மிகக் குறைவு, மற்றதெல்லாம் மிக அதிகம். இந்தத் துறையின் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே கிளம்புகின்றன. அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில், மருந்து தண்ணீருக்குள் எப்படி வருகிறது? விழுங்கிய மாத்திரை முழுதும் உடம்பிலேயே செலவாகிவிடுவதில்லை. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் உடம்பில் மாற்றம் ஏதும் அடையாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனுக்கு முன் ஏற்றப்படும் அயோடின் கலந்த மருந்துகளும் அப்படித்தான், ஏறத்தாழ ஒரே நாளில் மொத்தமும் வெளியே வந்துவிடும். வலிப்பு நோய்க்கான கார்பமாசெபின் வேறு ரகம். கல்லீரல் அதில் பெரும்பகுதியை மாற்றிவிடுகிறது. ஆனாலும் சர்க்கரை மூலக்கூறு ஒட்டிய வடிவில் வெளியேறும் பங்கு, சுத்திகரிப்புத் தொட்டியில் உள்ள நுண்ணுயிரிகள் அந்தச் சர்க்கரையைப் பிய்த்தெடுத்ததும் பழையபடி மருந்தாகிவிடும். நிலையத்துக்குள் நுழையும் நீரைவிட வெளியேறும் நீரில் கார்பமாசெபின் கூடுதலாக இருப்பதாக அளவீடுகள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பு சில மருந்துகளை நன்றாகவே நீக்கிவிடும். இப்யூபுரோஃபென் 90 சதவீதத்துக்கு மேல் போய்விடும். கார்பமாசெபினில் 10 சதவீதம்கூடப் போகாது. டைக்ளோஃபெனாக் இரண்டுக்கும் நடுவில், நிலையத்துக்கு நிலையம் மாறும். 2022-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வில் 104 நாடுகளில் 258 ஆறுகளை, 1,052 இடங்களில் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். அதிகம் தட்டுப்பட்டவை கார்பமாசெபின், மெட்ஃபார்மின், காஃபின்.

அளவு மிகக் குறைவுதானே, லிட்டருக்கு நானோகிராம், மைக்ரோகிராம்தானே என்று விட்டுவிட முடியாது. கனடாவின் ஒன்டாரியோவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அவற்றில் ஒன்றில் 2001 முதல் மூன்று கோடைகளுக்குக் கருத்தடை மாத்திரையின் செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கலந்தார்கள். செறிவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் மட்டுமே. ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கான புரதம் உருவாகத் தொடங்கியது, விந்தகங்களில் முட்டை அணுக்கள் தோன்றின, கடைசியில் அந்தச் சிறு மீனினம் ஏரியில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. ஹார்மோன்களின் விஷயத்தில் நானோகிராம் என்பது சின்ன அளவே இல்லை.

சரி, ஒளிவினையூக்கி என்ன செய்கிறது? டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு குறைகடத்தி. எலக்ட்ரான்கள் நிறைந்த இணைதிறன் பட்டைக்கும் காலியான கடத்து பட்டைக்கும் இடையில் ஓர் ஆற்றல் இடைவெளி இருக்கும். அனடேஸ் எனும் படிக வடிவத்தில் அது 3.2 எலக்ட்ரான் வோல்ட், ரூட்டைலில் 3.0. அனடேஸைப் பொறுத்தவரை 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளித்துகள் ஒன்று பட்டால் ஓர் எலக்ட்ரான் மேலே தாவும், கீழே ஒரு துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடம், மிஞ்சும். இந்த ஜோடி மறுபடி சேர்வதற்குள் துகளின் மேற்பரப்பை எட்டினால்தான் பயன். துளை தண்ணீரிலிருந்தோ ஹைட்ராக்சைடு அயனியிலிருந்தோ ஓர் எலக்ட்ரானைப் பறிக்கும்போது ஹைட்ராக்சில் ரேடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரானோடு திரியும், எதையும் தாக்கத் துடிக்கும் துணுக்கு) பிறக்கிறது. மேலே போன எலக்ட்ரானைக் கரைந்துள்ள ஆக்சிஜன் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது துளையிடமே திரும்பிவிடும். சோதனையின்போது குடுவைக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். காற்று ஊதாமல் வேலை மந்தமாக நடந்தால் வினையூக்கியைக் குறை சொல்லாதீர்கள்.

இதே பொருளை மின்முனையாக வைத்து, ஒளியால் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று ஃபூஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் காட்டினார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யலாம் என்ற யோசனை அந்தப் பத்தாண்டிலேயே வந்துவிட்டது. ஆக, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாக இது "விரைவில் வரப்போகும்" தொழில்நுட்பமாகவே இருக்கிறது. இந்தத் துறையில் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை, பஞ்சமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களுக்குத்தான்.

ஹைட்ராக்சில் ரேடிக்கலின் ஆக்சிஜனேற்றத் திறன் 2.8 வோல்ட். ஓசோனுக்கு 2.07, குளோரினுக்கு 1.36. இந்த வேகம்தான் அதன் பலம், பலவீனமும் அதுவே. அது ஆள் பார்த்து அடிப்பதில்லை, கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும் வெறிநாய் மாதிரி. கார்பமாசெபினோடு வினைபுரியும் வேக மாறிலி 8.8 × 10⁹ (லிட்டர், மோல், நொடி அலகுகளில்). அதாவது இரண்டும் சந்தித்தாலே வினை நடந்துவிடும் என்ற அளவு. ஆனால் அதே ரேடிக்கல் தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டோடும் வினைபுரியும், இலைதழைகளும் கழிவும் மக்கி உண்டான கரிமப் பொருளோடும் வினைபுரியும். இவை ஒவ்வொன்றும் கார்பமாசெபினைவிட மந்தமாகத்தான் வினைபுரிகின்றன. ஆனால் எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் இருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இது உறைக்கும். உயிரியல் சுத்திகரிப்பு முடிந்து வெளியேறும் நீரை எடுத்துக்கொள்வோம். கரைந்த கரிமக் கார்பன் லிட்டருக்கு 8 மில்லிகிராம், பைகார்பனேட் லிட்டருக்கு 4 மில்லிமோல், கார்பமாசெபின் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று வைப்போம். எல்லாமே சாதாரணமாகக் காணப்படும் அளவுகள்தான். ஒவ்வொன்றின் வேக மாறிலியையும் செறிவால் பெருக்கினால், ஒரு ரேடிக்கலை யார் எவ்வளவு வேகமாகப் பிடிப்பார்கள் என்று தெரிந்துவிடும். கரிமக் கார்பனுக்கு நொடிக்கு ஏறத்தாழ 2,00,000. பைகார்பனேட்டுக்கு 34,000. கார்பமாசெபினுக்கு வெறும் 37. கரைசலில் உருவாகும் சுமார் 6,300 ரேடிக்கல்களில் ஒன்றுதான் மருந்தைப் போய்ச் சேருகிறது, மற்றவை எல்லாம் வழியிலேயே செலவாகிவிடுகின்றன. மேற்பரப்பில் நேரடியாக நடக்கும் வினைகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆனால் கரிமப் பொருள் மேற்பரப்பிலும் போய் அப்பிக்கொள்ளும் என்பதால், அங்கே மட்டும் நிலைமை நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது ஆய்வகத்துக்கு வருவோம். பெரும்பாலான கட்டுரைகளில் மருந்தின் செறிவு லிட்டருக்கு 10 மில்லிகிராம், அதுவும் வடிநீரில். நிஜத்தைவிடப் பத்தாயிரம் மடங்கு. அங்கே மருந்துக்குப் போட்டியே கிடையாது, அதன் சிதைவுப் பொருட்கள் மட்டும்தான் குறுக்கே வரும். அந்த 98% இப்படித்தான் கிடைக்கிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு, விமர்சகர்கள்கூடச் சில சமயம் கவனிக்காமல் விடுவது. சிலர் "நாங்கள் நிஜக் கழிவுநீரிலேயே சோதித்தோம்" என்பார்கள். போய்ப் பார்த்தால், நிஜக் கழிவுநீரில் 10 மில்லிகிராம் மருந்தைக் கொட்டியிருப்பார்கள். மேலே உள்ள கணக்கிலேயே அந்தச் செறிவை வைத்துப் பாருங்கள்: கார்பமாசெபினின் பங்கு நொடிக்கு 3,70,000 ஆகிவிடும். ரேடிக்கல்களில் 60 சதவீதத்துக்கு மேல் மருந்துக்கே போகும். தண்ணீர் நிஜம், ஆனால் போட்டி நிஜமில்லை. அதனால் ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் வினையூக்கியின் பெயரையோ அழகான மின்நுண்ணோக்கிப் படங்களையோ பார்ப்பதற்கு முன், மருந்தின் தொடக்கச் செறிவும் எந்தத் தண்ணீர் என்பதும் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். நான் முதலில் படிப்பது அந்த இரண்டு வரிகளைத்தான்.

அடுத்தது ஒளி. தரையை எட்டும் சூரிய ஒளியின் ஆற்றலில் புற ஊதா 4 முதல் 5 சதவீதம்தான். நண்பகல் வெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்றால், டைட்டானியம் டை ஆக்சைடுக்கு ஆவது அதில் 30 முதல் 50 வாட். மீதியையும் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்யும் வினையூக்கிகளைத் தேடுகிறார்கள். நைட்ரஜன் கலந்த டைட்டானியம் டை ஆக்சைடு, பிஸ்மத் வனடேட், 2009-க்குப் பிறகு பெரிய அலையாக வந்த கிராஃபைட் வகைக் கார்பன் நைட்ரைடு எல்லாம் அந்த வரிசைதான். கார்பன் நைட்ரைடின் இடைவெளி 2.7 எலக்ட்ரான் வோல்ட், 460 நானோமீட்டர் வரைக்கும் உள்ள நீல ஒளியைப் பிடிக்கும்.

இதிலும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும். இடைவெளியைச் சுருக்கினால் அதிக ஒளி கிடைக்கும், ஆனால் துளையின் வலு குறையும். டைட்டானியம் டை ஆக்சைடில் துளையின் மின்னழுத்தம் 2.7 வோல்ட்டுக்கு அருகில் இருக்கிறது. ஹைட்ராக்சில் ரேடிக்கல் உருவாக 2 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். கார்பன் நைட்ரைடில் துளை 1.5 வோல்ட் பக்கம்தான் நிற்கிறது, ஆகவே அது தண்ணீரிலிருந்து ரேடிக்கலை நேரடியாகச் செய்ய முடியாது. ஆக்சிஜன் வாங்கிக்கொண்ட எலக்ட்ரானிலிருந்து வரும் சூப்பர் ஆக்சைடை வைத்துத்தான் பெரும்பாலும் சமாளிக்கிறது. சூப்பர் ஆக்சைடு மென்மையான ஆள், எல்லா மருந்துகளிடமும் அதன் பாச்சா பலிக்காது. இரண்டு குறைகடத்திகளை ஒட்டிவைத்து, ஒன்றின் வலுவான துளையையும் மற்றதன் வலுவான எலக்ட்ரானையும் மிச்சப்படுத்தும் அமைப்புகள் இதற்குத் தீர்வாக வந்தவை. தாளில் அழகாக இருக்கும், கொஞ்சம் வேலையும் செய்யும். காட்மியம் சல்ஃபைடை மட்டும் தண்ணீர் பக்கமே கொண்டுபோக வேண்டாம் என்பேன். வெளிச்சத்தில் அதுவே அரிக்கப்பட்டுக் காட்மியத்தை நீரில் விடும். மருந்தை எடுக்கப் போய்க் கன உலோகத்தைச் சேர்ப்பதில் என்ன லாபம்?

"நீங்கியது" என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பகுப்பாய்வுக் கருவி வரையும் கோட்டில் கார்பமாசெபினுக்குரிய முகடு காணாமல் போனால், அந்த மூலக்கூறு அந்த வடிவில் இல்லை என்று மட்டும்தான் பொருள். அதில் 15 கார்பன் அணுக்கள் இருக்கின்றன, எல்லாம் கார்பன் டை ஆக்சைடாக மாறினால்தான் முழுச் சிதைவு. நடப்பது என்னவென்றால், ரேடிக்கல் முதலில் நடுவில் உள்ள ஏழு அணு வளையத்தின் இரட்டைப் பிணைப்பைத் தாக்குகிறது. ஹைட்ராக்சில் தொகுதி ஏறுகிறது, எபாக்சைடு உருவாகிறது. பிறகு அந்த ஏழு அணு வளையம் ஆறு அணு வளையமாகச் சுருங்கி அக்ரிடின் பிறக்கிறது, அதிலிருந்து அக்ரிடோன். அதற்கும் பிறகுதான் வளையங்கள் உடைந்து ஆக்சாலிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் போன்ற சின்னத் துண்டுகளாகின்றன. நடுவில் வரும் அக்ரிடின் இருக்கிறதே, அது மரபணுவில் மாற்றத்தை உண்டாக்கக்கூடிய பொருள், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. 98% என்று சந்தோஷமாக விளக்கை அணைத்த நேரத்தில் குடுவையில் உச்சத்தில் இருப்பது அதுவாகக்கூட இருக்கலாம்.

ஆன்டிபயாட்டிக்குகளில் இது இன்னும் முக்கியம். சிப்ரோஃப்ளாக்சசினில் முதல் அடி பெரும்பாலும் ஓரத்தில் தொங்கும் பைப்பரசின் வளையத்தின் மேல்தான் விழும். பாக்டீரியாவைக் கொல்லும் வேலையைச் செய்யும் குவினோலோன் மையம் அப்படியே இருக்கும். தாய் மூலக்கூறு போய்விட்டது, மருந்தின் குணம் போகவில்லை. அந்த நீர் ஆற்றில் கலந்தால் எதிர்ப்புத் திறனுள்ள பாக்டீரியாக்களுக்கு அது தரும் சாதகமும் அப்படியே இருக்கும். ஆகவே மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு இறங்கியது, ஆன்டிபயாட்டிக் என்றால் ஒரு பாக்டீரியா வளர்ப்பில் அந்த நீர் இன்னும் என்ன செய்கிறது, இந்த இரண்டும் இல்லாத சதவீதத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை.

அப்புறம், பொடியைத் திரும்ப எடுக்கும் பிரச்சினை. ஆய்வகங்கள் எல்லாம் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தும் பி25 என்ற டைட்டானியம் டை ஆக்சைடின் துகள் சுமார் 21 நானோமீட்டர். ஏறத்தாழ 80 பங்கு அனடேஸ், 20 பங்கு ரூட்டைல். தண்ணீரில் கலக்கினால் பால் போல் ஆகிவிடும், தானாகப் படிய வெகுநேரம் பிடிக்கும். மெல்லிய சவ்வில் வடிகட்டலாம், அதற்கு அழுத்தமும் செலவும் வேண்டும். கண்ணாடி மணியிலோ தட்டிலோ பூசி நிறுத்திவிடலாம் என்றால், மருந்து மூலக்கூறு அந்தப் பரப்பைத் தேடி வர வேண்டும், வேகம் குறையும், பூச்சும் நாளாக ஆகத் தேயும். காந்தத்தால் இழுத்துக்கொள்ளலாம் என்று இரும்பு ஆக்சைடு கருவின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடைப் போர்த்துவார்கள். இரண்டும் நேரடியாக ஒட்டியிருந்தால் எலக்ட்ரானும் துளையும் இரும்பு ஆக்சைடிலேயே போய்ச் சேர்ந்துகொள்ளும், இரும்பும் கரைந்து கசியும். நடுவில் சிலிக்கா அடுக்கு ஒன்று வைத்தால் சரியாகும். ஆனால் ஒவ்வொரு அடுக்கும் செலவுதானே.

மின்சாரக் கணக்கும் இதற்குச் சாதகமாக இல்லை. ஒரு கன மீட்டர் தண்ணீரில் ஒரு மாசைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க எத்தனை யூனிட் மின்சாரம் என்பது இத்துறையின் பொது அளவுகோல். பல்வேறு ஆக்சிஜனேற்ற முறைகளை ஒப்பிட்டு 2018-இல் வெளியான மீளாய்வில் ஓசோனும், புற ஊதாவோடு ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒரு யூனிட்டுக்குக் கீழே இருந்தன. விளக்கு வைத்த ஒளிவினையூக்கம் நூறு யூனிட்டைத் தாண்டியது. பெரும்பாலும் ஆய்வகக் கருவிகளில் எடுத்த எண்கள் அவை, நன்றாக வடிவமைத்தால் கண்டிப்பாகக் குறையும். இருந்தாலும் நூறு மடங்கு இடைவெளியை வடிவமைப்பு மட்டுமே அடைத்துவிடும் என்று நம்புவது கஷ்டம். சூரிய ஒளி இலவசம் என்று சொல்லலாம். ஆனால் அப்போது செலவு மின்சாரத்திலிருந்து இடத்துக்கு மாறுகிறது, கழிவுநீரோ ராத்திரியும் வந்துகொண்டேதான் இருக்கும்.

அதனால்தான் நிஜத்தில் கட்டப்படுபவை வேறு. சுவிட்சர்லாந்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, தேர்ந்தெடுத்த நிலையங்கள் குறிப்பிட்ட சில நுண்மாசுகளை 80% நீக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருப்பது ஓசோனும் கிளர்வூட்டப்பட்ட கரியும்தான். ஐரோப்பிய ஒன்றியமும் 2024-இல் திருத்திய கழிவுநீர் விதிகளில் 1,50,000 பேருக்குச் சமமான சுமையும் அதற்கு மேலும் உள்ள நிலையங்களுக்கு 2045-க்குள் இப்படி ஒரு நான்காம் கட்டச் சுத்திகரிப்பு வேண்டும் என்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதனத் தயாரிப்பாளர்கள் ஏற்க வேண்டும் என்ற விதி. ஓசோனுக்கும் சிதைவுப் பொருள் பிரச்சினை உண்டு, தண்ணீரில் புரோமைடு இருந்தால் புற்றுநோய் உண்டாக்கும் புரோமேட் உருவாகும் என்ற கவலையும் உண்டு. ஆனால் ஓசோன் கொஞ்சம் ஆள் பார்த்து அடிக்கும். இரட்டைப் பிணைப்பு, அமீன், ஃபீனால் உள்ள மூலக்கூறுகளைத் தேடிப் பிடிக்கும், கரிமப் பொருளின் நடுவிலும் கார்பமாசெபினை விடாது.

அப்படியென்றால் ஒளிவினையூக்கிக்கு இடமே இல்லையா? இருக்கிறது, போட்டி குறைந்த இடத்தில். மருந்துத் தொழிற்சாலையின் ஒரு குறிப்பிட்ட கழிவோடையில் மருந்தின் செறிவே லிட்டருக்குப் பல மில்லிகிராம் இருக்கும். அங்கே ஆய்வகக் குடுவையும் நிஜமும் ஓரளவு ஒத்துப்போகும். எல்லாக் கழிவும் ஒன்றாகக் கலந்து நீர்த்துப்போவதற்கு முன், உற்பத்தி நடக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். இரண்டாவது, ரேடிக்கலைத் தின்னும் பொருட்களை ஏற்கெனவே எடுத்துவிட்ட நீர். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 2008 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து நிலத்தடி நீரில் சேர்க்கிறார்கள். அங்கே எதிர் சவ்வூடு பரவலுக்கு (ஆர்.ஓ.) பிறகுதான் புற ஊதாவும் பெராக்சைடும் வருகின்றன. ரேடிக்கல் முறை வெற்றிகரமாக ஓடும் இடத்தில் அதற்கு முன்னால் யாரோ பாதையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது, வெயில் கொட்டும், நிலம் மலிவான இடங்களில் சிறிய அளவு. ஸ்பெயினின் அல்மேரியாவில் உள்ள சூரிய ஆற்றல் ஆய்வு மையத்தில் வளைந்த கண்ணாடிப் பிரதிபலிப்பான்களுக்கு நடுவே குழாய்களில் நீரை ஓடவிட்டுப் பல ஆண்டுகளாகச் சோதிக்கிறார்கள். அங்கே டைட்டானியம் டை ஆக்சைடோடு இரும்பும் பெராக்சைடும் சேர்ந்த ஒளி-ஃபென்டன் முறையும் உண்டு. அது புற ஊதாவைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ஒரு பகுதியைப் பயன்படுத்தும். ஆனால் வழக்கமான முறையில் பிஎச் 2.8 பக்கம் வைக்க வேண்டும், பிறகு நடுநிலையாக்க வேண்டும், இரும்புக் கசடும் சேரும்.

இனி உங்கள் திட்டப்பணி. சோதனைக்கு மெத்திலீன் நீலம் வேண்டவே வேண்டாம். சாயமே ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை வினையூக்கிக்குள் தள்ளித் தானே நிறமிழக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்கிறது என்ற பல அறிவிப்புகள் அந்தச் சாயத்தின் புண்ணியத்தில் வந்தவை. டைக்ளோஃபெனாக்கும் கவனமாகக் கையாள வேண்டியது, வினையூக்கி இல்லாமலே வெயிலில் சிதையும். நான் என்றால் கார்பமாசெபினை எடுப்பேன். வெறும் ஒளியில் லேசில் அசையாது, டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் அதிகம் ஒட்டவும் செய்யாது. குறைந்தால் அது வினையால்தான் என்று ஓரளவு நம்பலாம்.

எப்படியும் இரண்டு ஒப்பீடுகள் கட்டாயம் வேண்டும்: இருட்டில் வினையூக்கியோடு ஒன்று, வெளிச்சத்தில் வினையூக்கி இல்லாமல் ஒன்று. கரியோ கிராஃபீனோ கலந்த வினையூக்கி என்றால் இருட்டு ஒப்பீடு இன்னும் அவசியம், மருந்து சிதையாமல் அதில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் சிதைந்ததாக எழுதிவிடுவீர்கள். ஒளியின் அளவை விளக்கின் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டிலிருந்து எடுக்காதீர்கள், பட்ட ஒளிக்கேற்ற அளவில் சிதையும் பொட்டாசியம் ஃபெரிஆக்சலேட் கரைசலை அதே குடுவையில் வைத்து அளந்துகொள்ளுங்கள். தண்ணீரில் பாஸ்பேட் தாங்கல் கரைசலைச் சேர்த்து பிஎச்-ஐப் பிடித்து வைக்க நினைக்காதீர்கள், பாஸ்பேட் டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பை அடைத்துவிடும்.

மாதிரி எடுக்கும்போது நடக்கும் ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊசிக்குழலில் உறிஞ்சி 0.45 மைக்ரான் வடிகட்டியில் தள்ளினால் பி25 துகள்களில் கொஞ்சம் தப்பித்துப் போய்விடும். சின்னக் குப்பி மேசையின் மேல் வெளிச்சத்தில் கிடந்தால் அந்தத் துகள்கள் அங்கேயும் வேலையைத் தொடரும், பிறகு பகுப்பாய்வுக் கருவியின் நிறப்பிரிகைக் குழாயையும் அடைக்கும். 0.22 மைக்ரான் வடிகட்டி, இருட்டான குப்பி. வடிகட்டியின் சவ்வே மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறதா என்று, தெரிந்த செறிவுள்ள கரைசலைத் தள்ளிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தலைப்பைப் பொறுத்தவரை, புதிதாக ஒரு வினையூக்கியைச் செய்து அதற்கு நீளமான பெயர் வைக்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பி25-ஐயே எடுத்துக்கொண்டு, கார்பமாசெபினை லிட்டருக்கு 10 மில்லிகிராம், 1 மில்லிகிராம், 100 மைக்ரோகிராம், 10 மைக்ரோகிராம் என்று இறக்கிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு செறிவையும் வடிநீரில் ஒரு தடவை, பைகார்பனேட் சேர்த்த நீரில் ஒரு தடவை, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் ஒரு தடவை ஓட்டுங்கள். கீழ்ச் செறிவுகளுக்குக் கருவியின் கண்டறியும் எல்லை போதாவிட்டால், திண்ம நிலைப் பிரிப்புக் குழாயில் ஏற்றிச் செறிவாக்கிவிட்டு அளக்கலாம். நிஜ நீர் ஒவ்வொன்றிலும் கரைந்த கரிமக் கார்பனையும் காரத்தன்மையையும் (பைகார்பனேட்டின் அளவு அதிலிருந்து கிடைக்கும்) அளந்து, மேலே காட்டிய போட்டிக் கணக்கைப் போட்டு, அது சொல்லும் வேகத்தையும் குடுவையில் வந்த வேகத்தையும் ஒரே வரைபடத்தில் வையுங்கள். இரண்டும் எங்கே பிரிகின்றனவோ, அங்கேதான் மேற்பரப்பின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு உங்களிடம் தரவு இருக்கும்.